வெள்ளெழுத்து

நாற்பது வயதைத் தாண்டிய மனிதர்கள் பத்திரிகை படிக்கும் விதத்தை நீங்கள் கவனித்ததுண்டா? முதலில் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடிப்பார்கள். பிறகு மெள்ள மெள்ளக் கையை நீட்டுவார்கள். கை முழுதும் நீண்ட பிறகும் எழுத்துத் தெரியாவிட்டால், "இந்தக் காலத்தில் எவனுக்கும் ஒழுங்காக அச்சடிக்கத் தெரியவில்லை" என்று அச்சாபீஸ்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பத்திரிகையைக் கீழே வைத்துவிடுவார்கள். சிலர் விளக்கைக் குறை கூறுவார்கள். கண்ணைக் குறை கூறுகிறவர் நூற்றுக்கு ஒருவர் கூட இருக்க மாட்டார்.

இந்தச் சங்கடத்துக்கு நம்மவர்கள் 'வெள்ளெழுத்து' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நாசூக்கான சொல், பாருங்கள்! கறுப்பு மையில் அச்சிட்ட எழுத்து வெளுத்துப் போய், காகிதத்தோடு காகிதமாகக் கலந்துவிடுகிறதாம். ஆகவே குற்றம் கண்ணினுடையது அல்ல, எழுத்தினுடையது! 'சாளேசரம்' என்றும் சொல்வதுண்டு. நாற்பது என்று பொருள்படும் வடநாட்டுச் சொல்லிலிருந்து அது வந்தது என்பார்கள். நாற்பதில் வரும் நோய்க்கு நாற்பது என்றே பெயர் வைத்துவிட்டால் யாரும் தப்பிக்க முடியாதல்லவா?

வைத்தியர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை இளமையில் இளநீர் வழுக்கையைப் போல மெத்தென்று இருக்கிறது. கிட்டத்துப் பொருளைப் பார்க்கும்போது வளைந்து தடித்துக் கொடுக்கிறது. வயது ஏற ஏற வழுக்கை முற்றித் தேங்காய் ஆகிவிடுகிறது. முற்றிய தேங்காயை வளைக்க யாரால் முடியும்?

கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கும் நாற்பது வயது ஆகத்தான் செய்கிறது. அவர்கள் முன்னால் இருப்பது காகிதம் அல்ல, திரை. அதைக் கையால் தள்ளிப் பிடிக்க முடியாது. அதற்குப் பதிலாக அவர்களுக்கு ஓர் உபாயம் இருக்கிறது. கண்ட்ரோல் என்ற விசையை அழுத்திக்கொண்டு, கூட்டல் குறி உள்ள விசையைத் தட்டினால் எழுத்துக்கள் பெரிதாகின்றன. கழித்தல் குறியைத் தட்டினால் சிறிதாகின்றன. பூஜ்யத்தைத் தட்டினால் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. சிறு பிள்ளைகளுக்குக் கூடத் தெரிந்த வித்தைதான். ஆனால் இந்த இரண்டு மூன்று விசைகளின் பூர்வோத்தரத்தைச் சற்று விசாரிக்கலாம் என்று போனபோது, அது என்னை இத்தாலி தேசத்துக்கும், தரங்கம்பாடிக்கும், மோட்டார் வண்டித் தொழிற்சாலைக்கும், லண்டன் நகரத்துச் சிறைச்சாலைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

இத்தாலியில் அதிக நேரம் தங்க வேண்டியதில்லை. மூக்குக் கண்ணாடி அங்கேதான் 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தது. 1306-இல் ஃபிளாரென்ஸ் நகரில் ஜியோர்டானோ என்ற பாதிரியார் பிரசங்கம் செய்தபோது, கண்ணாடி செய்யும் கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் இருபது ஆண்டு கூட ஆகவில்லை என்று குறிப்பிட்டிருக்கிறார். 1352-இல் ட்ரெவிஸோ என்ற ஊரில் ஒரு சித்திரக்காரர் கண்ணாடி அணிந்து எழுதிக்கொண்டிருக்கும் மத குருவைச் சுவரில் வரைந்திருக்கிறார். அந்தக் குருவோ, கண்ணாடி பிறப்பதற்கு முன்பே காலமானவர்! படித்த மனிதர் என்றால் கண்ணாடி இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குள்ளாகவே உண்டாகிவிட்டது போலிருக்கிறது.

கண்ணாடியினால் கண்ணுக்கு உதவி கிடைத்தது. எழுத்து இருந்தபடியேதான் இருந்தது. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற அதிகாரம் ஐந்நூறு வருஷ காலம் அச்சடிக்கிறவனிடமே இருந்துவந்தது. அவனோ வாசகனின் கண்ணை நினைத்துத் தீர்மானிக்கவில்லை; காகிதத்தின் விலையை நினைத்துத் தீர்மானித்தான். இதற்கு நம் ஊரிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1713-இல் ஜெர்மனியில் உள்ள ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்குத் தமிழ் அச்செழுத்துக்கள் வந்து சேர்ந்தன. தமிழ் தெரியாத ஊரில் வார்த்த எழுத்துக்கள் ஆகையால் அவை வேண்டியதற்கு மேல் பெரியவையாக இருந்தன. படிக்கிறவர்களுக்கு அது சௌகரியம்தான். ஆனால் காகிதம் ஏராளமாக விழுங்கப்பட்டது. கப்பலில் வர வேண்டிய காகிதம் அல்லவா? ஆகவே அங்கேயே சிறிய எழுத்துக்களை வார்க்கத் தொடங்கினார்கள். சீமையிலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி அந்த எழுத்துக்களைச் செய்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அச்சில் இருந்த புத்தகத்தின் முற்பகுதி பெரிய எழுத்திலும், பிற்பகுதி சிறிய எழுத்திலுமாக வெளிவந்தது. புத்தகத்தின் நடுவில் எழுத்தைச் சுருக்கிய இந்த வைபவத்தை, கழித்தல் விசையின் முன்னோடி என்று நான் சொன்னால் அடித்துச் சொல்ல முடியாது என்று யாரும் என்னோடு சண்டைக்கு வரவேண்டாம். பெரிய எழுத்தா, நிறைய வரிகளா என்கிற வழக்கு அன்றைக்கும் இதேதான், இன்றைக்கும் இதேதான்.

கம்ப்யூட்டரில் இந்த வழக்கு எப்படி வந்தது?

1928-இல் ஐ.பி.எம். கம்பெனியார் துளை போடும் அட்டை ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அதில் நெடுக்காக 80 பத்திகள். பிற்காலத்தில் கம்ப்யூட்டர் வந்தபோது ஒரு வரி புரோகிராமுக்கு ஓர் அட்டை என்று ஆயிற்று. அதன் பிறகு திரை வந்தபோது, அட்டையில் 80 எழுத்து இருந்ததால் திரையிலும் 80 எழுத்து இருக்கட்டும் என்று வைத்தார்கள். பெரியவர்கள் போட்ட கோட்டைத் தாண்டக் கூடாது என்பது மேல்நாட்டிலும் உண்டு போலும்! 1978-இல் வந்த வி.டி. 100 என்ற புகழ்பெற்ற திரை யந்திரத்தில் வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 24 வரி. எழுத்தின் அளவை மாற்றுவது என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு எழுத்துக்கும் எந்த எந்தப் புள்ளி ஒளிர வேண்டும் என்பதை யந்திரத்துக்குள் ஒரு சில்லில் நிரந்தரமாகப் பதித்துவிட்டார்கள். கல்வெட்டில் வெட்டிய மாதிரி!

பேச்சே கிடையாது என்றேன்; ஒரு சிறு விலக்கு இருந்தது. அந்த யந்திரத்துக்கு ஒரு ரகசியச் சங்கேதத்தை அனுப்பினால், குறிப்பிட்ட ஒரு வரியை மட்டும் இரண்டு பங்கு உயரமாகக் காட்டும். ஆனால் அதற்கு ஒரே வரியை இரண்டு தடவை அனுப்ப வேண்டும். முதல் தடவை அனுப்பினால் எழுத்துக்களின் தலைப் பாகம் தெரியும். அடுத்த வரியில் இரண்டாம் தடவை அனுப்பினால் உடல் பாகம் தெரியும். இரண்டும் பொருந்தினால் பெரிய எழுத்து. இரண்டாவதை அனுப்ப மறந்துவிட்டால் தலைகள் மட்டும் வரிசையாக நிற்கும்! கதைத் தலைப்புப் போட இது உதவலாம். கண் மங்கியவனுக்கு என்ன உதவி?

வேடிக்கை என்னவென்றால், திரையில் எழுத்தின் அளவை மாற்ற முதன் முதலில் வழி கிடைத்தபோது புரோகிராம் எழுதுகிறவர்கள் அதைப் பெரிதாக்கவில்லை. சிறிதாக்கினார்கள். 1981-இல் ஐ.பி.எம். கம்பெனியின் சொந்த உபயோகக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் 25 வரிகள். 1984-இல் வந்த புதிய திரை அமைப்பில் எழுத்தைக் குறுக்கி 43 வரி காட்டலாம். 1987-இல் வந்ததில் 50 வரி. டர்போ பாஸ்கல் என்ற மென்பொருளில் இதற்கென்றே ஒரு வசதி வைத்தார்கள். எட்டுப் புள்ளிக்கு எட்டுப் புள்ளி என்ற சதுரத்துக்குள் ஓர் எழுத்தை அடைப்பது. அந்தச் சதுரத்தில் ஆங்கில எழுத்தே மூச்சு முட்டி நிற்கும். நம்முடைய 'ணௌ' போன்ற எழுத்தைக் கற்பனை செய்து பார்க்கவே பயமாயிருக்கிறது.

ஏன் சிறிதாக்கினார்கள்? கதை படிக்கிற நமக்கு ஒரு சமயத்தில் ஒரு வரி தெரிந்தால் போதும். முந்தின பக்கத்தில் கதாநாயகி அழுதாளா, சிரித்தாளா என்பது நினைவில் இருக்கும். புரோகிராம் அப்படி அல்ல. மேலே 10-ஆவது வரியில் திறந்த அடைப்புக்குறி கீழே 45-ஆவது வரியில் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் கண்ணில் பட்டால் காரியம் சுலபம். ஆகவே வாலிபர்கள் எழுத்தைத் தியாகம் செய்து வரிகளைச் சம்பாதித்தார்கள். இருபத்தைந்து வயதுக் கண்ணுக்கு இந்த வியாபாரம் லாபம்தான்.

நாற்பதுக்குப் பிறகுதான் கணக்கு மாறுகிறது. சாதாரண வாசகனுக்கு ஓர் எழுத்துத் தெரியாவிட்டால் முன்பின் பார்த்து ஊகித்துக்கொள்வான். 'கண்ணா' என்பதில் நடு எழுத்து மங்கினாலும் குடி முழுகிப் போகாது. புரோகிராமில் ஊகத்துக்கு இடமில்லை. அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும் வேறு வேறு. பூஜ்யமும் ஆங்கில 'ஓ'வும் வேறு வேறு. ஒன்று என்ற எண்ணும் 'எல்' என்ற எழுத்தும் வேறு வேறு. 1962 ஜூலை 22-ஆம் தேதி வெள்ளிக் கிரகத்தை நோக்கி அமெரிக்கர்கள் அனுப்பிய மாரினர் 1 என்ற விண்கலம், கிளம்பி ஐந்து நிமிஷம் ஆவதற்குள் திசை தவறியது. வேறு வழியில்லாமல் அவர்களே அதை வெடித்துத் தகர்த்தார்கள். வழிகாட்டும் சூத்திரத்தைக் கம்ப்யூட்டருக்காகப் பிரதி செய்தபோது ஒரு குறியின் தலைமேல் இருக்க வேண்டிய சின்னஞ்சிறு கோடு விட்டுப் போயிற்று என்பது காரணங்களில் ஒன்று. அந்தக் கோடு விட்டுப் போனது கண் மங்கியதால் என்று நான் சொல்லவில்லை. ஒரு கோட்டின் பெறுமதி என்ன என்பதற்காகச் சொன்னேன்.

என் தம்பி மகன் ஒருவன் சென்னையில் இந்தத் தொழிலில் இருக்கிறான். எந்தக் கம்பெனி என்பது இங்கே அவசியமில்லை. வயது நாற்பத்தாறு. அவனோடு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் அவன் கல்லூரியில் சேர்ந்த வருஷத்தில் பிறந்தவர்கள். ஒரு நாள் அவன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கழுத்தை ஆமை மாதிரி நீட்டித் திரையோடு மூக்கு உரசப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, எழுத்தைப் பெரிசாக்கிக்கக் கூடாதா? ரெண்டு விசைதானே என்று சொல்வாயே?" என்றேன்.

"ஆக்கிக்கலாம், பெரியப்பா. வீட்டிலே ஆக்கிக்கிறேன். ஆபீஸிலேதான்..." என்று இழுத்தான்.

"ஆபீஸிலே என்ன?"

"பக்கத்திலே வந்து நிற்கிற பையன் சிரிக்கிறான். 'என்ன சார், கண் டாக்டர் போர்டு மாதிரி இருக்கு' என்கிறான். பரவாயில்லை, சிரிச்சுட்டுப் போகட்டும். ஆனா, இவனுக்கு வயசாயிடுச்சு என்று மேலே இருக்கிறவங்க மனசிலே விழுந்துட்டா, பெரியப்பா, அப்புறம் அதை எந்த விசையாலே அழிக்கிறது?"

நான் பதில் சொல்லவில்லை. நாற்பத்தாறு வயதில் ஒருவன் தன் கண்ணை ஒளித்து வைத்துக்கொண்டு பிழைக்க வேண்டியிருக்கிறது என்பதை அதற்கு முன் நான் யோசித்ததில்லை. எங்கள் காலத்தில் ஆபீஸ்களில் கண்ணாடி போட்ட ஹெட்கிளார்க்குக்குத்தான் மரியாதை அதிகம். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி அதன் மேல் வழியாக அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும், குமாஸ்தாக்கள் நடுங்கிப் போவார்கள்.

அவனே பிறகு இன்னொன்றும் சொன்னான். வாரத்துக்கு ஒரு நாள் எல்லோரும் கூடி, ஒருவர் எழுதிய புரோகிராமைப் பெரிய திரையில் போட்டுப் பார்ப்பார்களாம். அந்தச் சமயத்தில் பின் வரிசையில் இருக்கும் இருபது வயதுப் பையன்களே, "எழுத்துத் தெரியல்லே, பெரிசாக்குங்க!" என்று கூச்சல் போடுவார்களாம். தூரத்தில் உட்கார்ந்தால் எல்லாருக்கும் வெள்ளெழுத்துத்தான்.

சரி, கல்வெட்டு மாதிரி இருந்த எழுத்து, ரப்பர் மாதிரி நீளவும் சுருங்கவும் கற்றுக்கொண்டது எப்படி? இங்கேதான் மோட்டார் வண்டி வருகிறது.

புள்ளிகளால் ஆன எழுத்தைப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? ஒரு புள்ளி நாலு புள்ளி ஆகும். வளைவான இடமெல்லாம் மாடிப்படி ஆகிவிடும். கோலத்தில் புள்ளியை மட்டும் பெரிது செய்தால் கோலம் பெரிதாகாது; கண்ணராவியாகத்தான் ஆகும். ஆகையால் ஆரம்பத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனித் தனியாக எழுத்து வரைந்து வைத்தார்கள். பத்து அளவு வேண்டுமானால் பத்துத் தடவை உழைப்பு.

பிரான்ஸ் தேசத்தில் 1959 முதல் சித்ரோயன் மோட்டார் கம்பெனியில் டி காஸ்டல்ஜோ என்ற கணித நிபுணரும், அடுத்த சில ஆண்டுகளில் ரெனோ கம்பெனியில் பெஸியே என்ற என்ஜினீயரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே காரியத்தைச் செய்தார்கள். வண்டியின் மேல் தகடு எப்படி வளைய வேண்டும் என்பதைச் சில புள்ளிகளைக் கொண்டு கணக்காகச் சொல்லும் முறையை வகுத்தார்கள். சித்ரோயன் கம்பெனியார் தொழில் ரகசியம் என்று பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பெஸியே தம் முறையை வெளியிட்டார். ஆகவே வளைவுக்குப் பெஸியேயின் பெயர் நிலைத்துவிட்டது. முந்திச் செய்தவரைவிட முந்திச் சொன்னவருக்கே பேர்!

எழுத்து என்பதும் வளைவுகளின் கூட்டந்தானே? 1984-இல் அடோபி கம்பெனியார் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற முறையில் எழுத்தின் புறக்கோட்டை இப்படிப்பட்ட வளைவுகளாகவே எழுதி வைத்தார்கள். புள்ளிகள் கிடையாது, சூத்திரம் மட்டும் உண்டு. எந்த அளவு வேண்டுமோ அந்த அளவுக்குச் சூத்திரம் புள்ளி வைத்துக் கொடுக்கும். கோலத்தைக் கையால் போடாமல் கோலத்தின் விதியை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வதைப் போல. இது முதலில் அச்சடிக்கும் யந்திரங்களுக்குத்தான் பயன்பட்டது. 1991-இல் ஆப்பிள் கம்பெனியார் ட்ரூடைப் என்ற இன்னொரு வளைவு முறையைத் திரைக்கே கொண்டு வந்தார்கள். மறு வருஷம் மைக்ரோஸாப்ட் கம்பெனியார் விண்டோஸில் அதையே வைத்தார்கள். அன்றையிலிருந்துதான் திரையில் உள்ள எழுத்துக்குச் சொந்த அளவு என்று ஒன்று இல்லாமல் போயிற்று. பார்க்கிறவன் கேட்கிற அளவே அதன் அளவு. கார் தயாரித்த கணக்கு, கண் மங்கியவனுக்குக் கண்ணாடி ஆயிற்று!

இனி விசைகளுக்கு வருவோம். எனக்கு மிகவும் ரஸமாகத் தோன்றியது இந்தப் பகுதிதான்.

கண்ட்ரோல் விசை கம்ப்யூட்டரோடு பிறந்தது அல்ல, டெலிபிரிண்டரிலிருந்து வந்தது. 1963-இல் அமெரிக்காவில் ஆஸ்கி என்ற எழுத்து எண் வரிசையை வகுத்தார்கள். எழுத்துக்கும் குறிக்குமாக மொத்தம் 128 இடங்கள். அவற்றில் முதல் 32 இடங்கள் எழுத்துக்கு அல்ல, கட்டளைக்கு: மணி அடி, காகிதத்தை நகர்த்து, வரியின் தொடக்கத்துக்குப் போ என்பன போன்றவை. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு 'ஜி' எழுத்தைத் தட்டினால் எதிர் முனையில் 'டிங்' என்று மணி அடிக்கும். ஆனால் இந்த முறையில் ஆங்கில எழுத்துக்களும் அவற்றை அடுத்து உள்ள சில குறிகளும்தான் கட்டளை ஆக முடியும். கூட்டல் குறி அந்த வரிசைக்குள் வரவில்லை. கண்ட்ரோலையும் கூட்டலையும் சேர்த்துத் தட்டினால் அனுப்புவதற்கு எண்ணே கிடையாது! ஆகையால் பழைய திரை யந்திரங்களில் இருந்த புரோகிராமர்கள் இந்தக் கட்டளையை நினைத்துப் பார்த்திருக்கவும் முடியாது. விசைப்பலகை, எழுத்தின் எண்ணை அனுப்பாமல், எந்த விசை அழுந்தியது என்று சொல்லக் கற்றுக்கொண்ட பிறகே இது சாத்தியமாயிற்று.

அடுத்தது, கூட்டல் குறி ஏன் சமக்குறியின் தலைமேல் குடியிருக்கிறது என்ற விவகாரம். உங்கள் வீட்டு விசைப்பலகையைப் பாருங்கள். கீழே சமக்குறி, ஷிப்ட் அழுத்தினால் கூட்டல். நியாயமாகப் பார்த்தால் எழுத்தைப் பெரிதாக்கக் கண்ட்ரோல், ஷிப்ட், சமக்குறி ஆகிய மூன்றையும் அழுத்த வேண்டும். மூன்று விசையை அழுத்த யாருக்குப் பொறுமை? ஆகவே மென்பொருள் எழுதுகிறவர்கள், ஷிப்ட் இல்லாமல் வெறும் சமக்குறியைத் தட்டினாலும் கூட்டல் என்றே வைத்துக்கொள்வோம் என்று ராஜி செய்துகொண்டார்கள். நாம் தினமும் 'சமம்' என்று தட்டுகிறோம். யந்திரம் அதைப் 'பெரிதாக்கு' என்று புரிந்துகொள்கிறது.

இந்த மூன்று குறிகளுக்கும் வயது கொஞ்சமல்ல. கூட்டலும் கழித்தலும் 1489-இல் லைப்ஸிக் நகரில் யோஹன்னஸ் விட்மன் எழுதிய வியாபாரக் கணக்குப் புத்தகத்தில் அச்சேறின. சமக்குறி, 1557-இல் ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ் தேசத்து வைத்தியர் கண்டுபிடித்தது. 'சமம்', 'சமம்' என்று எழுதி எழுதிக் கை சலித்துப் போய், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைப் போட்டார் மனிதர். பாவம், மறு வருஷமே கடன் தொல்லையால் லண்டனில் கிங்ஸ் பெஞ்ச் சிறையில் அவர் உயிர் போயிற்று. வரவும் செலவும் சமமாகாத மனிதர்தான் உலகத்துக்குச் சமக்குறியைக் கொடுத்தார்! அவருடைய இரண்டு கோடுகளும் இன்று கோடிக்கணக்கான விசைப்பலகைகளில், பெரிதாக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கின்றன.

குறிகள் இந்த இடத்தில் ஜோடி சேர்ந்ததும் தற்செயல்தான். 1960-களின் டெலிடைப் யந்திரங்களில் கழித்தலின் தலைமேல் சமக்குறி இருந்தது. கூட்டல், அரைப்புள்ளியின் தலைமேல் இருந்தது. எண் வரிசைக்கு ஏற்ப அடுக்கியதால் வந்த ஜோடி அது. 1961-இல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட ஸெலக்ட்ரிக் டைப்ரைட்டரில்தான் சமமும் கூட்டலும் ஒரே விசையில், கழித்தலுக்கு அடுத்த வீட்டில், சேர்ந்தன. டைப்பிஸ்டுகளுக்குப் பழக்கமான அந்த அடுக்கை ஐ.பி.எம். கம்ப்யூட்டர்கள் பின்பற்றின, உலகமும் பின்பற்றிற்று. ஜப்பான் மட்டும் டெலிடைப்பின் வழக்கை விடவில்லை. அங்கே இன்றும் கூட்டல் குறி அரைப்புள்ளியோடுதான் வாசம் செய்கிறது. ஜெர்மனியிலோ கூட்டலுக்குச் சொந்த விசையே உண்டு, ஷிப்ட் தேவையில்லை. விட்மனின் புத்தகம் அச்சேறிய நாடல்லவா, அந்த மரியாதையாவது செய்ய வேண்டாமா?

கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதப் பயன்படும் எழுதுபலகைகளுக்குள் இந்த வசதி வந்து சேர்ந்ததும் ஒரே நாளில் அல்ல. 'வி' 'ஐ' என்று இரண்டு எழுத்தால் பெயர் பெற்ற பழைய எழுதுபலகை ஒன்று உண்டு. 1976-இல் பில் ஜாய் என்பவர் எழுதியது. எழுத்தைப் பெரிதாக்கும் கட்டளையே அதில் இல்லை. அந்த வேலை திரையினுடையது, என்னுடையது அல்ல என்று அது கையை விரித்துவிடும். அதே வருஷம் பிறந்த ஈமாக்ஸ் என்பதில், எழுத்தை நீட்டிச் சுருக்கும் கட்டளைகள் 2009-இல் வந்த 23-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தன. பிறந்து முப்பத்து மூன்று வருஷம் கழித்து! அதை எழுதியவர்களுக்கு அதற்குள் நாற்பது தாண்டியிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். அடுத்த ஆண்டு வெளிவந்த விஷுவல் ஸ்டுடியோ 2010-இல் கண்ட்ரோலோடு சுண்டெலியின் சக்கரத்தைச் சுழற்றினால் எழுத்து வளர்ந்தது. இதற்கு நடுவில், 2008 டிசம்பரில், இணையப் பக்கங்களுக்கு விதி வகுக்கிற சர்வதேசக் குழுவினர், எந்தப் பக்கமானாலும் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கியும் ஒன்றும் மறையாமல் படிக்க முடிய வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். பார்வை குறைந்தவர்களுக்குப் பெரிய எழுத்து சலுகையல்ல, உரிமை என்று ஏட்டில் ஏறியது அப்போதுதான்.

2015-இல் மைக்ரோஸாப்ட் வெளியிட்ட விஷுவல் ஸ்டுடியோ கோட் என்பதைத்தான் என் தம்பி மகன் உபயோகிக்கிறான். அதன் அடியில் இருப்பது ஓர் இணைய உலாவியின் யந்திரம். ஆகவே கண்ட்ரோலும் கூட்டலும் தட்டினால் எழுத்து மட்டும் அல்ல, பக்கத்தில் இருக்கும் பட்டியல், மேலே இருக்கும் மெனு, ஓரத்தில் இருக்கும் சின்னப் படங்கள் எல்லாம் சேர்ந்து பருக்கின்றன. ஒவ்வொரு தட்டுக்கும் 20 சதவீதம். அதுவும் வட்டிக்கு வட்டி: நாலு தட்டுத் தட்டினால் இரண்டு மடங்குக்கு மேலே போய்விடும். புரோகிராமுக்கு வைத்திருந்த இடத்தைப் பட்டியல் விழுங்கிவிடுகிறது. கண்ணாடி கேட்டவனுக்கு வீட்டையே பெரிதாகக் கட்டிக் கொடுத்த கதைதான்! எழுத்தை மட்டும் பெரிதாக்கும் கட்டளை தனியே உண்டு. ஆனால் அதற்கு விசை ஒதுக்கி வைக்கவில்லை. வேண்டுகிறவர் தாமே ஒரு விசையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். என் தம்பி மகன் அப்படிச் செய்துகொண்டுவிட்டான். ஆபீஸிலும்தான். "சிரிக்கிறவனுக்கும் நாற்பது வரும், பெரியப்பா" என்றான்.

சக்கரத்தைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப் போயிற்று. சுண்டெலியின் முதுகில் சக்கரம் வைத்து மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 1996-இல் விற்றார்கள். நாம் எல்லாரும் அதைப் பக்கம் உருட்டுவதற்காக வந்தது என்று நினைக்கிறோம். அந்த யோசனையை 1993 வாக்கில் எழுப்பிய எரிக் மிக்கெல்மன் என்பவர் நினைத்தது வேறு. பெரிய பெரிய கணக்குத் தாள்களுக்குள் வழி தெரியாமல் தவிப்பவர்களைப் பார்த்து, தாளைத் தூரத்தில் தள்ளிப் பார்க்கவும் கிட்டே இழுத்துப் பார்க்கவும் ஒரு பிடி இருந்தால் நல்லது என்றுதான் அவர் தொடங்கினார். அதாவது, நாற்பது வயதுக்காரரின் கை செய்கிற வேலையை யந்திரம் செய்ய வேண்டும் என்று! பிறகு பக்கம் உருட்டுவதே எல்லாருக்கும் வேண்டியிருந்ததால் அது முதலிடத்தைப் பிடித்துக்கொண்டது. பெரிதாக்கும் வேலை கண்ட்ரோல் விசையின் துணையோடு இரண்டாம் இடத்துக்குப் போயிற்று.

இதனால் ஓர் இடைஞ்சலும் உண்டு. கண்ட்ரோலிலிருந்து விரலை எடுக்க மறந்து சக்கரத்தை உருட்டினால், எழுத்துக்கள் திடீரென்று பூதாகாரமாக வீங்கிவிடும், இல்லாவிட்டால் எறும்பாகிவிடும். விஷுவல் ஸ்டுடியோ கோட்டில் இந்தச் சக்கர வித்தையை ஆரம்பத்தில் அணைத்தே வைத்திருக்கிறார்கள், வேண்டுகிறவர் முடுக்கிக்கொள்ளலாம். விசையால் வீங்கிய திரையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கண்ட்ரோலோடு பூஜ்யத்தைத் தட்ட வேண்டும் என்று முதலிலேயே சொன்னேன். உலாவிகளில் எந்தப் பூஜ்யமானாலும் சரி. இங்கே மட்டும் வலது ஓரத்தில் எண்களுக்கென்று தனியாக இருக்கும் கட்டத்தின் பூஜ்யந்தான் செல்லும். மடிக் கணினிகள் பலவற்றில் அந்தக் கட்டமே கிடையாது. அப்படிப்பட்டவர்கள் மேலே உள்ள மெனுவைத் திறந்து, பார்வை என்ற தலைப்பின் கீழ், தோற்றம் என்ற உள் தலைப்பைத் தேடி, அதற்குள் இருக்கும் வரியைக் கண்டுபிடித்துச் சொடுக்க வேண்டும். நல்ல வேளையாக, திரை வீங்கியிருக்கும்போது அந்த மெனுவின் எழுத்தும் பெரிதாகத்தான் இருக்கும்.